பலவேசமும் பலவேசமும்

தையல்காரர் கோமதிநாயகமும் பஸ் டிரைவர் கோமதிநாயகமும் ஒரே ஆளாகிப்போன அன்று செங்கட்டான்குளத்தில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வெயில் வழக்கம்போலக் காலையிலேயே மண்டையைப் பிளந்தது, இட்லிக் கடையில் சட்னி தீர்ந்துபோய்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது, அப்போதுதான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் துணியை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்து, கழுத்தில் அளவு நாடாவோடு மேற்கே பார்த்து ஓட ஆரம்பித்தார், அதே நேரத்தில் டிரைவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் குதித்துக் கிழக்கே பார்த்து ஓட ஆரம்பித்தார், குறுக்கே வந்த தள்ளுவண்டியையோ வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த லாரியையோ ஒரு செங்கல் சுவரையோ இரண்டு பேருமே சட்டை செய்யவில்லை, சுவர்தான் வழிவிட்டது, கடைசியில் மணிக்கூண்டுக்கு முன்னால் நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள். சிதறுகாய் உடைத்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. எதிரே இருந்த மருந்துக் கடைக் கண்ணாடி வரைக்கும் ரத்தம் அடித்தது. புழுதி அடங்கியபோது எழுந்து நின்றது ஒருவர்தான்.

டிரைவரின் முகம், டிரைவரின் தொப்பை, கழுத்தில் அளவு நாடா. மிச்சமாகிப்போன பற்களும் ஒரு ஜோடி செருப்பும் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நேரே பஸ்ஸுக்குத் திரும்பிப்போய், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து, “ஜாக்கெட்டுல தோள்பட்ட எறங்குதே, எந்தப் பய தச்சான்?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

காரணம் என்ன என்று கேட்டு எங்கள் ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பால், பஸ், ஆஸ்பத்திரி, மளிகை, கல்யாண மண்டபம் என்று இந்தப் பக்கத்து மனிதன் பிறந்ததிலிருந்து சாகிறவரை கை வைக்கிற எல்லாவற்றையும் நடத்துகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன், அந்தக் கம்பெனிக்குத் தன்னுடைய ஜனங்களை ஏஐ-யிடம் கொடுத்துக் குறி கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. எவன் எப்போது பால் வாங்குவான், எவளுக்கு எப்போது சர்க்கரை நோய் வரும் என்று அது சொல்லுமாம். ஆனால் ஏஐ சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, கல் பொறுக்காத அரிசியைத் தொடாது. பால் கார்டில் ஒரு பெயர், பஸ் பாஸில் ஒரு பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு பெயர் என்று ஒரே ஆள் நாலு ஆளாக உலவிக்கொண்டிருந்ததை ஒரே ஆளாக்கித்தான் கிளவுடில் ஏற்ற வேண்டும். அதற்காக, மூடிக்கிடந்த தியேட்டரின் மாடியைப் பிடித்து, கம்ப்யூட்டர் படித்த எங்கள் ஊர்ப் பெண்களை வரிசையாக உட்காரவைத்தார்கள்.

உலகம்மை அந்த வரிசையில் ஒருத்தி. அவளுடைய திரையில் இரண்டு பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. இரண்டும் ஒரே ஆள் என்று தோன்றினால் ‘ஒருவரே’ என்ற பட்டன், இல்லையென்றால் ‘வேறு வேறு’, முடிவு செய்ய முடியாவிட்டால் ‘பிறகு’. சேர்த்த பிறகு எது நிற்கும், எது போகும் என்பதற்குக் கம்பெனி இரண்டு விதிகள் வைத்திருந்தது. இரண்டு பதிவும் வேறு வேறாகச் சொன்னால், கடைசியாகத் திருத்தப்பட்ட பதிவு சொல்வதுதான் நிற்கும். ஒன்றில் வெற்றிடமாக இருந்தால், மற்றதில் இருப்பது வந்து அதை நிரப்பும். கோமதிநாயகங்களில் டிரைவர்தான் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் எடை பார்த்துக்கொண்டவர், அதனால் முகம் அவருடையது. டிரைவருக்குத் தைக்கத் தெரியாது, அந்த வெற்றிடத்தைத் தையல்காரர் நிரப்பினார். கம்பெனி கம்ப்யூட்டருக்கு எழுதிய விதி மனிதர்களுக்கும் அப்படியே பொருந்திப்போனது.

தப்பு கம்பெனி மேல் மட்டும் இல்லை, எங்கள் மேலும் இருக்கிறது. எங்கள் ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் குலசாமி பெயரைத்தான் வைப்போம், குலசாமிகளோ விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனால், பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது, அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் அந்த வருஷம் காதைத் தொட்ட அத்தனை பிள்ளைகளுக்கும் மே ஐந்து என்று ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே பிறந்த தேதி. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு இப்படியும் ஒரு ஊர் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

ஊர் பழகிக்கொண்டது. ஓடுகிறவனைத் தடுக்கக் கூடாது, தடுத்தால் தடுத்தவனின் விலா உடையும் என்று தெரிந்ததும், ஆபீஸ் நேரத்தில் எல்லா வீட்டிலும் முன்கதவையும் பின்கதவையும் திறந்தே போட்டார்கள். அடுப்படி வழியாக யாராவது ஓடினால் பெண்கள் குழம்புச் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். “சேரப் போறவனுக்கு வழி விடுங்கய்யா” என்று கண்டக்டர்கள் விசில் ஊதினார்கள். மிச்சப் பற்களைப் போடுவதற்கு நகராட்சி மஞ்சள் நிறத்தில் தனித்தொட்டி வைத்தது. இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவராகி, தன் வீட்டு வாசலில் தானே மறியல் செய்து, தானே தன்னைக் கல்லால் அடித்துக்கொண்டு நெற்றியில் தையலோடு படுத்தார். இரண்டு பொண்டாட்டிக்காரர்களாகிப் போனவர்களின் வீடுகளில் அம்மிக்கல்லும் உலக்கையும் பறந்தன, ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. முகம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் ஜனங்கள் தினமும் காலையில் பால் கார்டிலோ ஆஸ்பத்திரிச் சீட்டிலோ எதையாவது ஒன்றைத் திருத்தப் பால் பூத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், வரிசையில் இடம் பிடிக்கக் கத்திக்குத்து வரைக்கும் போனது. கலெக்டரிடம் மனுவும் கொடுத்தார்கள். டேட்டா சுத்தமாக இருப்பது எல்லாருக்கும் நல்லதுதானே என்று அவர் சொன்னார்.

இனி பலவேசங்களுக்கு வருவோம்.

உலகம்மையின் அண்ணன் பெயர் பலவேசம், மேலத்தெரு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கீழத்தெருவிலும் ஒரு பலவேசம் உண்டு, பொக்லைன் ஓட்டுகிறவன். இரண்டு பேருடைய அப்பா பெயரும் பூலுடையார். இரண்டு பேரும் ஒரே நாளில் காதைத் தொட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மேலத்தெருப் பூலுடையாருக்குக் கால்வாய் மதகைத் திறந்து மூடுகிற வேலை. மழை பொய்த்த ஒரு வருஷத்தில், முறை வராமல் கீழத்தெரு வயலுக்கு மதகைத் திறக்க மாட்டேன் என்று அவர் சொன்னதற்காக, கீழத்தெருப் பலவேசம் மதகின் மேலேயே வைத்து அவரை அரிவாளால் வெட்டினான். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு இல்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன மேலத்தெருப் பலவேசம் அக்கரையில் நின்று அதைப் பார்த்தான். கால்வாயில் குதித்தவனைத் தண்ணீர் கீழே இழுத்துக்கொண்டு போனது, கரையேறி ஓடி வந்து சேர்வதற்குள் அப்பாவின் உயிர் அடங்கியிருந்தது, அதுவரை நின்று பார்த்துவிட்டு வெட்டியவனும் போயிருந்தான்.

பார்த்தவர்கள் மூன்று பேர். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்திருந்தார், அவரைக் கிணற்றிலிருந்து கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். இன்னொருவர் கோர்ட்டில் கூண்டேறி, எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, நான் எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு இறங்கி, வெளியே நிறுத்தியிருந்த பைக்கை எடுத்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மிச்சம் மகன் ஒருவன்தான். ஜாமீனில் வந்த கீழத்தெருக்காரன் அவனையும் ஒருமுறை வழிமறித்துத் தோளில் வெட்டினான், எலும்பு தெரிந்தது, ஆனாலும் பிழைத்துக்கொண்டான். “அடுத்த வாய்தாவுக்கு நீ வந்து ஏறுத கூண்டு, பாடைதாம்ல” என்று ஆள் விட்டும் சொல்லியனுப்பினான். போலீசில் சொன்னால், பத்திரமாக இருங்கள் என்று சொன்னார்கள்.

அம்மா ஆவுடை, மகனைக் கும்பிட்டுக் கேட்டாள். “வேண்டாம்யா. போனவரு போயிட்டாரு. நீயாவது எங்க கண்ணு முன்னால கெட.”

“நான் பாத்தேம்மா. பாத்ததச் சொல்லணும்” என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேசத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு பலவேசமும் உலகம்மையின் திரையில் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பலவேசம், பலவேசம். தகப்பன் பூலுடையார், தகப்பன் பூலுடையார். மே ஐந்து, மே ஐந்து. ‘வேறு வேறு’ என்பதை அழுத்தி அனுப்பியிருக்கலாம், அது வேலைக்கு நியாயம். அவள் ‘பிறகு’ என்பதை அழுத்தினாள். மறுநாளும் வந்தார்கள், மறுபடியும் ‘பிறகு’. கொலைகாரனின் பதிவை மட்டும் அழித்துவிட முடியுமா என்று சூப்பர்வைசர் தனராஜ் சாரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தாள். “அழிக்கிற அதிகாரம் நமக்கு இல்லம்மா, நமக்குத் திருத்தவும் சேக்கவும் மட்டுந்தான்” என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு வேலையில் மனம் ஓடவில்லை, அந்த இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாய்தாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் போனில் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. “ஏட்டி, கால்வாய்க் கரையில வாரானுவ, மூணு பேரு. அம்மாவப் பாத்துக்கோ.”

“ஓடுண்ணே! ஓடு!”

“முன்னால முள்ளுக்காடு, பெறவு எங்கன ஓட?”

உலகம்மை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அண்ணனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் திறந்து, எடையில் ஒரு கிலோவைக் கூட்டி எழுதினாள், முகம் அவனுடையதாகவே நிற்கட்டும் என்று. பிறகு இரண்டு பலவேசத்தையும் திரைக்குக் கொண்டுவந்து ‘ஒருவரே’ என்று அழுத்தினாள். இரண்டு பேரும் ஒருவனாகிவிட்டால் அவன் தன்னையே எப்படி வெட்டிக்கொள்வான் என்பதுதான் அவளுடைய கணக்கு.

போனில் கேட்டது. கால் சத்தம், கெட்ட வார்த்தை, யாரோ “ஏ பலவேசம், எதுக்குல இப்படி ஓடுத, நில்லுல” என்று கத்துவது, அப்புறம் அந்தச் சிதறுகாய்ச் சத்தம். அரிவாள் நடுவில் இருந்ததால் இந்த முறை எலும்பு அறுபடுகிற ஓசையும் சேர்ந்து வந்தது. வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே?”

“ஆமாட்டி.” அவன் குரல்தான். அவளுக்கு உயிர் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதே குரல், கொஞ்சம் யோசித்துவிட்டு, “வடிவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரணும், மத்தியானச் சோத்துக்கு வர மாட்டேன்னு” என்றது. வடிவு என்பது கீழத்தெருப் பலவேசத்தின் பெண்டாட்டி.

கூட வந்திருந்த இரண்டு அடியாட்களும் முள்காட்டு ஓரத்தில் திகைத்து நின்றார்கள். எழுந்து நின்றவனுக்கு மேலத்தெரு முகம், தோளில் பழைய வெட்டுத் தழும்பு, கையில் தங்கள் பலவேசத்தின் அரிவாள். அவன் அவர்களைப் பார்த்து, அவர்களுடைய பலவேசம் மட்டுமே கூப்பிடுகிற பட்டப்பெயரைச் சொல்லி, “போங்கல வீட்டுக்கு” என்றான். ஊரில் எத்தனையோ பார்த்தவர்கள்தான், அதனால் அரிவாளை வாங்கிக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டு, “சரிண்ணே” என்று போனார்கள்.

அன்று சாயங்காலம் ஆவுடை மகனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் இரண்டு ஆள் சோறு தின்றான். கை கழுவப் போகும்போது வாசலில் வடிவு நின்றாள், இடுப்பில் குழந்தை. முகத்தைப் பார்த்து வடிவு பின்வாங்கினாள். அவன் தொண்டையைச் செருமினான், குழந்தை அந்தச் செருமலைக் கேட்டு “அப்பா” என்று கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. ஆவுடை அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தன் மகனுக்கு எது வெற்றிடமாக இருந்ததோ அதிலெல்லாம் மற்றவன் வந்து நிரம்பியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. மகன் கொலை செய்ததில்லை.

“அம்மா,” என்றான் அவன், தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு, “இந்தக் கைக்குத் தெரியுதும்மா.”

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த மேலத்தெருக்காரன் தேடிக்கொண்டிருந்த கொலைகாரன் இப்போது கைக்கெட்டிய தூரத்தில் அல்ல, கையாகவே இருந்தான்; விடுவானா? இடது கையால் அம்மிக் குழவியைத் தூக்கி வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். கதவிடுக்கில் மணிக்கட்டை வைத்து இழுத்து அறைந்தான். வலது கையும் சும்மா இருக்கவில்லை, கழுத்தைப் பிடித்து நெரித்தது, அதற்கும் உயிர்மேல் ஆசை இருந்தது. அலறிக்கொண்டு தரையில் புரண்டவனின் ஒரு பக்கத்தை ஆவுடையும் மறுபக்கத்தை வடிவும் உட்கார்ந்து அழுத்திப் பிடித்தார்கள், உலகம்மை சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். கணவனை வெட்டிய கைக்கா கட்டுப்போடுகிறோம், மகனுடைய கைக்கா என்று ஆவுடைக்குக் குழம்பியது. ரத்தம் நின்றால் போதும் என்று அழுத்திப் பிடித்தாள்.

வாய்தாவை வாங்கி வாங்கித் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் மேலத்தெருவும் கீழத்தெருவும், எங்களுக்கு நினைவு தெரிந்த நாளில் முதல்முறையாக, ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசின. அவனை வெட்டினால் நம்ம பயலை வெட்டினதாகும் என்று இரண்டு தெருவும் யோசித்தன. வெட்ட ஆள் இல்லாமல் அரிவாளெல்லாம் துருப்பிடித்தன. அவர்கள் எடுத்த முடிவு சுலபமானது. பார்த்தவன் அவன் ஒருவன்தான், அவன் வாயைத் திறக்காவிட்டால் கேஸ் தள்ளுபடி, ஒரு உயிரும் போகாது, தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். கீழத்தெரு நாட்டாமை ஆவுடையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். ஊரே வந்து கேட்டுக்கொண்டது, அவன் எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

உலகம்மை தனராஜ் சாரிடம் போய், சேர்த்ததைப் பிரிக்க முடியுமா என்று கேட்டாள். இந்த முறை யாருக்கோ கேட்பதுபோலக் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பழைய பதிவ ரெண்டையும் மேல அழிச்சாச்சும்மா. ஏஐ படிக்கவும் ஆரம்பிச்சிட்டு. எங்கிட்ட இனி ஒரு பலவேசந்தான் இருக்காரு.”

கோர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவள் அண்ணனின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஒன் உசுரக் காப்பாத்தத்தான்ணே அழுத்துனேன். வாயத் தொறக்காத. வீட்டுல கெட. எங்களுக்கு அது போதும்.”

“அக்கரையில நின்னு பாத்தேம்ட்டி. அன்னைக்கே சொல்லணும்னுதான இருந்தேன். பாத்ததச் சொல்லலன்னா வெட்டுனவன் தப்பிச்சிருவாம்லா?”

“வெட்டுனவன் நீதான்ணே!”

“அதத்தான் சொல்லப் போறேன்.”

அவள் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள், பட்டன் தெறித்தது, கன்னத்தில் மாறி மாறி அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான். எது எப்படி மாறினாலும் இந்தப் பிடிவாதம் மட்டும் அவளுடைய அண்ணனுடையதுதான், அந்த ஒரு இடத்தில் மற்றவன் நுழைய வெற்றிடமே இருக்கவில்லை. அதை நினைத்துப் பெருமைப்படவும் முடியாமல் அழுதாள்.

செஷன்ஸ் கோர்ட்டும் இதற்குள் பழகியிருந்தது. டவாலி “குற்றவாளி பலவேசம்” என்று மூன்று தரம் கூப்பிட்டதும் அவன் போய்க் குற்றவாளிக் கூண்டில் நின்றான். முதலில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஏறி இங்கிலீஷில் சாட்சி சொன்னார். இருபதுக்கு மேல் வெட்டு, எதுவும் உடனே உயிர்போகிற இடத்தில் இல்லை, ரத்தம் வடிந்து வடிந்து, கால் மணி நேரத்துக்கு மேலே உயிர் இருந்திருக்கும், நினைவும் இருந்திருக்கும் என்று அவர் சொன்னது உலகம்மைக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடைக்குப் புரியவில்லை. “என்னட்டி சொல்லுதாரு?” என்று கேட்டாள். “பேரு ஊரு கேக்காவ” என்றாள் மகள்.

பிறகு டவாலி “சாட்சி பலவேசம்” என்று கூப்பிட்டான். அவன் அந்தக் கூண்டிலிருந்து இறங்கி இந்தக் கூண்டில் ஏறினான். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து, குற்றவாளியைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லவைக்கச் சட்டம் இல்லை என்றார். நீதிபதி கொஞ்சம் யோசித்தார். “குற்றவாளி பேச வேண்டாம். சாட்சி பேசட்டும்” என்றார்.

“உங்க அப்பாவ வெட்டுனத நேர்ல பாத்தீங்களா?” என்றார் அரசு வக்கீல்.

“பாத்தேன்.”

“வெட்டுன ஆளு இங்க இருக்காரா? அடையாளம் காட்டுங்க.”

கோர்ட்டில் இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தது. வேண்டாம் என்று வடிவு வாய்க்குள்ளேயே கத்தினாள். அவன் நசுங்கிப்போன வலது கையைத் தூக்கினான், விரல்கள் நீளவில்லை, அதனால் இடது கையால் அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்தான்.

“இவன்தான்.”

“வெட்டும்போது உங்க அப்பா ஏதாவது சொன்னாரா?”

அக்கரையில் நின்றவனுக்கு அது கேட்டிருக்காது. இக்கரையில் நின்றவனுக்குக் கேட்டது. “‘கையில வெட்டாதல தம்பி, நாளைக்கு மதகு தொறக்கணும்’னு சொன்னாவ. கையில வெட்டல. அப்புறம் கையிலயும் வெட்டுனேன்.”

தட்டச்சு மெஷின் அடித்து ஓய்ந்தது. வேறு கேள்வி இல்லை என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள், ஆயுள் தண்டனைக்குக் குறையாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, போலீஸ்காரர் விலங்கை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

அப்போது ஆவுடை எழுந்தாள். உட்காரும்மா என்று டவாலி அதட்டினான், அவள் காதில் விழவில்லை. இத்தனை வருஷமாக அவள் ஊரில் ஒருவரிடமும் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்வி இருந்தது, கேட்டால் பதில் சொல்லக்கூடியவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், அவன் இப்போது தன் மகனின் முகத்தோடு எதிரே நின்றான்.

“ஐயா,” என்றாள். “அவிய ரொம்ப நேரம் துடிச்சாவளா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். டாக்டர் சொன்னதை அவனும் அந்தக் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அது போதாதென்று, கூடவே நின்று பார்த்த கண்ணும் அவனிடம் இருந்தது.

“இல்லம்மா,” என்றான். “மொத வெட்டுலயே போயிட்டாவ. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

“சரி” என்று ஆவுடை உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று கூண்டில் நின்று சொல்லப்பட்ட ஒரே பொய் அது, இரண்டு பலவேசத்தில் எவன் அதைச் சொன்னான் என்று உலகம்மைக்கு இன்றுவரை தெரியாது. தட்டச்சு செய்கிறவர் விரலை மெஷின்மேல் வைத்தபடி நீதிபதியை ஏறிட்டுப் பார்த்தார். இதை எழுத வேண்டாம் என்று நீதிபதி கையைக் காட்டினார்.